நரம்பு எது? புறங்காலில் ஒரு பாடம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனித உறுப்பு மண்டலங்களை நாம் எல்லோரும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். எலும்புக்கூட்டுப் படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். 206 எலும்புகள் என்கிறோம். பிள்ளைகளும் 206 என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த 206-ல் 52 எலும்புகள் இரண்டு பாதங்களில் மட்டுமே இருக்கின்றன என்று சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தன் காலைக் குனிந்து பார்க்கும். நான் விரும்புவது அந்தக் குனிந்து பார்த்தலைத்தான். எனக்குக் கொடுத்த நேரத்தில் முழு உடலையும் தொட முடியாது. ஆகவே முழங்காலுக்குக் கீழே தொடங்கிப் பாதத்தின் மேற்புறம் வரை மட்டும் பேசப் போகிறேன்.

ஏன் இந்த இடம்? முதல் காரணம், இது நம் பிள்ளைகளிடம் திறந்தே கிடக்கிறது. இதயத்தையும் கல்லீரலையும் படத்தில்தான் காட்ட முடியும். காலை யாரும் காட்டலாம். இரண்டாவது காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

தமிழில் 'கால்' என்றால் இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்தான். "டீச்சர், கால் வலிக்குது" என்று ஒரு பிள்ளை வந்தால் தொடையா, முழங்காலா, பாதமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பழைய, அழகான பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருப்பது கணைக்கால். சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரைத் தமிழாசிரியர் நடத்தும்போது அந்தக் கணைக்கால் எங்கே இருக்கிறது என்று நாம் அறிவியல் வகுப்பில் தொட்டுக் காட்டலாம். அதன் பின்பக்கம் திரண்டிருப்பது கெண்டைக்கால். கெண்டை மீன் போல நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியிருக்கிறது. ஆடுசதை என்றும் சொல்வோம். தசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குச் சுண்டெலி என்று பொருள். அவர்கள் எலியைப் பார்த்த இடத்தில் நம்மவர்கள் மீனைப் பார்த்திருக்கிறார்கள். பாதத்தின் அடிப்பக்கம் உள்ளங்கால் என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்பக்கம் புறங்கால். புறங்கை என்று தினமும் சொல்லும் நாம் புறங்கால் என்ற சொல்லை ஏனோ மறந்துவிட்டோம். இன்று அதை எடுத்துப் புழங்குவோம்.

இவ்வளவு நுட்பமாகப் பெயர் வைத்த நாம் ஓர் இடத்தில் மட்டும் மூன்று பொருள்களுக்கு ஒரே பெயரை வைத்துப் பிள்ளைகளைக் குழப்புகிறோம். அந்தப் பெயர் 'நரம்பு'.

வகுப்பில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: "உங்கள் காலில் ஒரு நரம்பைக் காட்டுங்கள்." சிலர் புறங்காலில் நீலமாக ஓடும் கோட்டைக் காட்டுவார்கள். சிலர் விரலைத் தூக்கியதும் புடைக்கும் கயிற்றைக் காட்டுவார்கள். சிலர் குதிகாலுக்கு மேலே கெட்டியாக இருக்கும் பட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். இவற்றில் ஒன்றுகூட நரம்பு அல்ல. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் "குதிகால் நரம்பு இழுக்குது" என்கிறோம், அது தசைநாண். "காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது" என்கிறோம், அது சிரை. "நரம்பு ஊசி" போடுகிறார்கள், அதுவும் சிரையில்தான். "நரம்புத் தளர்ச்சி" என்னும்போது மட்டும் ஏறக்குறைய உண்மையான நரம்பைப் பற்றிப் பேசுகிறோம். பாடநூலில் மூன்று சொற்கள் இருக்கின்றன. வாயில் ஒன்றுதான் இருக்கிறது. தேர்வில் பாடநூல் வெல்கிறது, வாழ்க்கையில் வாய்தான் வெல்கிறது.

இந்த மூன்றையும் ஒரே இடத்தில், கையால் தொட்டுப் பிரித்தறியக்கூடிய இடம் புறங்கால்தான். எல்லோரும் வலது காலின் செருப்பைக் கழற்றுங்கள். வகுப்பில் செய்யும்போது ஒரு விதியை நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்: அவரவர் காலை அவரவர்தான் தொட வேண்டும். நம் ஊரில் ஒருவர் காலை இன்னொருவர் தொடுவதற்கு வணக்கம் என்றும் பொருள் உண்டு, தாழ்வு என்றும் பொருள் உண்டு. இரண்டுமே அறிவியல் வகுப்புக்கு வேண்டாம்.

முதலில் எலும்பு. கணைக்காலில் இரண்டு எலும்புகள். உள்பக்கம் பெரியது டிபியா, வெளிப்பக்கம் மெலிந்தது ஃபிபுலா. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலை வைத்துக் கணுக்கால் வரை இழுத்து வாருங்கள். வழி முழுக்க எலும்புதான் தட்டுப்படுகிறது. தோலுக்கும் டிபியாவுக்கும் நடுவில் அங்கே தசையே இல்லை. பெஞ்சில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான். உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவதும் இந்த எலும்புதான். அடுத்து, கணுக்காலின் இருபுறமும் இருக்கும் குமிழ்களைப் பிடியுங்கள். தென் மாவட்டத்தார் கரண்டை என்பார்கள். அவை தனி எலும்புகள் அல்ல. உள்குமிழ் டிபியாவின் முனை, வெளிக்குமிழ் ஃபிபுலாவின் முனை. இரண்டும் ஒரே உயரத்திலா இருக்கின்றன? வெளிக்குமிழ் சற்றுக் கீழே இறங்கியிருக்கும், சற்றுப் பின்னாலும் இருக்கும். படம் வரையும் பிள்ளைகள் இரண்டையும் சமமாகவே வரைவார்கள். தொட்டுப் பார்த்த பிறகு அழித்துவிட்டுத் திரும்ப வரைவார்கள். அழித்து வரைந்த அந்தப் படத்தைத்தான் நான் திருத்துவேன்.

இப்போது முதல் 'நரம்பு'. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் மேலே தூக்குங்கள். கணுக்காலின் முன்பக்கம், உள்புறமாக ஒரு தடித்த கயிறு எழும்புகிறது. பாதத்தைத் தூக்குகிற முக்கியமான தசையின் நாண் அது. அந்தத் தசை எங்கே? மற்றொரு கையை டிபியாவுக்கு வெளிப்பக்கம், கணைக்காலின் நடுவில் வையுங்கள். பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கையின் கீழே ஏதோ திரண்டு திரண்டு அடங்குகிறதல்லவா? அதுதான். அடுத்து, பெருவிரலை மட்டும் தூக்குங்கள். இன்னொரு மெல்லிய கயிறு புறங்காலின் நீளத்துக்கும் ஓடுகிறது. மற்ற நான்கு விரல்களையும் தூக்கினால் விசிறிபோல் நான்கு கயிறுகள். இவை எல்லாம் கணைக்காலிலிருந்து இறங்கி வருகின்றன.

விரலை ஆட்டுகிற தசைகளில் பெரியவை எவையும் விரலுக்குப் பக்கத்தில் இல்லை. முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நீண்ட கயிற்றால் விரலை இழுக்கின்றன. தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் இருப்பவர் கையில் குச்சி இருப்பதுபோல. ஏன் இவ்வளவு தொலைவு? ஒவ்வொரு அடிக்கும் பாதத்தைத் தூக்கி முன்னே வீச வேண்டும். நுனியில் எடை அதிகமாக இருந்தால் வீசுவதற்குச் சக்தி அதிகம் ஆகும். கயிற்றின் நுனியில் சிறிய கல்லையும் பெரிய கல்லையும் கட்டிச் சுழற்றிப் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். ஓடுகிற விலங்குகளில் இது இன்னும் தெளிவு. ஆட்டுக்கால் சூப் குடித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். அதில் கறி இருக்காது. எலும்பு, தோல், நாண் இவைதான். வேகவேகப் பசையாகக் கரைந்து வருவது அந்த நாணிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம். கறியெல்லாம் மேலே தொடைப்பக்கம் இருக்கிறது.

கணுக்காலின் முன்பக்கம் இந்தக் கயிறுகள் எல்லாம் ஒரு பட்டைக்கு அடியில் நுழைந்து வருகின்றன. அந்தப் பட்டை இல்லாவிட்டால் பாதத்தைத் தூக்கும்போது நாண்கள் வில்லின் நாண்போல விலகித் தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாண் என்ற பெயரே எவ்வளவு பொருத்தம் பாருங்கள். தசையையும் எலும்பையும் இணைப்பது தசைநாண். எலும்பையும் எலும்பையும் இணைப்பது தசைநார். இதில் குழம்பும் பிள்ளைக்கு நான் 'வில்லை நினைத்துக்கொள்' என்பேன். வில்லில் இழுபடுவது நாண்.

இன்னொன்று. விரல்களைத் தூக்கும்போது வெளிக்குமிழுக்குச் சற்று முன்னால் புறங்காலில் மெத்தென்று ஒரு சிறு மேடு எழும்பும். அது புறங்காலிலேயே பிறந்து அங்கேயே முடியும் ஒரு சிறு தசை. ஒரு மாணவி அதை வீக்கம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலைத் தூக்கினால் எழும்பி, விட்டால் அடங்கினால் அது தசை.

இரண்டாவது 'நரம்பு', நீலக் கோடு. சிரை. கொஞ்ச நேரம் நின்றால் நன்றாகப் புடைக்கும். புறங்காலின் குறுக்கே வளைந்து ஓடும் சிரை வளைவிலிருந்து உள்பக்கமாக ஒன்று புறப்பட்டு, உள்குமிழுக்கு முன்னால் ஏறி, தொடையின் மேல் முனை வரை போகிறது. உடலிலேயே நீளமான சிரை இதுதான். இதயத்தில் அடைப்பு வந்தவர்களுக்குப் பைபாஸ் செய்யும்போது பல நேரம் இதில் ஒரு துண்டை எடுத்துத்தான் அங்கே வைத்துத் தைக்கிறார்கள். வைக்கும்போது வழக்கமாகத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். ஏன் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "உள்ளே வால்வு இருக்கும் டீச்சர், அப்படியே வைத்தால் ரத்தத்தை மறித்துவிடும்" என்றான். சிரைகளில் வால்வு இருப்பதை வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட தம் நூலில் முன்கையை வைத்தே காட்டினார். ஒரு கயிறு, இரண்டு விரல்கள், அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்ட கருவி. நம் ஆய்வகத்தில் எதுவும் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

பாதத்திலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டுமே, யார் தள்ளுவது? ஆடுசதை. நடக்கும்போது அது சுருங்கி உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. வால்வு கீழே விடாது. இரத்தம் மேலே போகிறது. நடந்தால்தான் இந்தப் பம்பு வேலை செய்யும். அசையாமல் நின்றால் செய்யாது. நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நிற்கும் நமக்கு இது பாடம் மட்டும் அல்ல. வகுப்புக்குள் நடந்துகொண்டே பாடம் நடத்துபவர்கள் தங்களை அறியாமல் தங்கள் காலுக்கு நல்லது செய்துகொள்கிறார்கள்.

போகிற போக்கில் இதையும் செய்துவிடுவோம். பெருவிரலைத் தூக்கி அந்த நாணைக் கண்டுபிடியுங்கள். புறங்காலின் நடுவில், நாணுக்கு ஒட்டி வெளிப்பக்கம், இரண்டு விரல் நுனிகளை மெல்ல வையுங்கள். அழுத்தாதீர்கள். துடிப்பு தெரிகிறதா? அது தமனி. நல்ல ஆரோக்கியம் உள்ள சிலருக்கும் இங்கே துடிப்பு தட்டுப்படாது. அவர்கள் உள்குமிழுக்குப் பின்னால் தேடலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களின் காலை மருத்துவர் தொட்டுப் பார்ப்பது இந்தத் துடிப்புக்காகத்தான். நம் ஆசிரியர் அறையிலும் சிலர் பையில் அந்த மாத்திரை இருக்கிறது. மருத்துவர் தொடாவிட்டால் "என் காலைப் பாருங்கள்" என்று நாமே கேட்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான நரம்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஃபிபுலாவின் தலை ஒரு சிறிய குமிழாகத் தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, பின்னாலிருந்து முன்னால் வருகிறது காமன் பெரோனியல் நரம்பு. விரலால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால் கயிறுபோல் நழுவும். சிலருக்குப் புறங்கால் வரை சுளீர் என்று ஓடும். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அதன் உடன்பிறப்பு இது.

இந்த நரம்பு அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஆழத்தில் போய், பாதத்தையும் விரல்களையும் தூக்கும் தசைகளுக்கு ஆணை கொடுக்கிறது. அதன் கடைசி நுனி பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் இருக்கும் சிறு தோல்பகுதியில் முடிகிறது. ஹவாய் செருப்பின் வார் உட்காருகிற அதே இடம். மற்றொரு கிளை பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்குப் போய், பிறகு தோலுக்கடியில் வந்து புறங்காலின் பெரும்பகுதிக்கு உணர்ச்சியைக் கொடுக்கிறது. இந்த இரண்டாவது கிளையைச் சிலருக்குக் கண்ணாலேயே பார்க்கலாம். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி, உள்ளங்கால் உள்பக்கம் பார்க்குமாறு திருப்பி, நான்காவது விரலைக் கையால் கீழே வளையுங்கள். ஒல்லியானவர்களுக்குப் புறங்காலின் வெளிப்பக்கத்தில் தோலுக்கடியில் ஒரு மெல்லிய இழை விறைத்து நிற்கும். வெறும் கண்ணால் ஒரு நரம்பைப் பார்ப்பது உடலில் அபூர்வம். வகுப்பில் ஓரிருவருக்குத் தெரிந்தாலும் அன்றைக்குத் திருவிழாதான்.

பிள்ளைகளுக்கு நான் கொடுத்த சோதனை இது: தானாக விரலைத் தூக்கும்போது விறைத்தால் நாண். அழுத்தி வழித்தால் காலியாகி, விட்டதும் நிரம்பினால் சிரை. இரண்டுக்கும் மசியாமல் விரலடியில் உருண்டால் நரம்பு.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். முதலில் ஒத்திவைத்த இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இப்படி எலும்புக்கு மேலே, தசைப் போர்வை இல்லாமல், தோலை ஒட்டி ஓடுவதால் இந்த நரம்பு எளிதில் அடிபடுகிறது. அந்த இடத்தில் ஓர் அடி, இறுக்கமான மாவுக்கட்டு, நீண்ட நேரம் குத்துக்காலிட்டு வேலை செய்வது எதுவும் போதும். தரையில் உட்கார்ந்து எழும்போது கால் மரத்துப்போய்ச் சில நிமிடத்தில் சரியாவது எல்லோருக்கும் நடப்பது. சரியாகாமல் நின்றுவிட்டால்தான் கவலை. இந்த நரம்பு செயலிழந்தால் பாதத்தைத் தூக்க முடியாது. கால் எடுத்து வைக்கும்போது நுனி தொங்கும். தடுக்காமல் இருக்க முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடப்பார்கள். பாதம் 'டப்' என்று தரையில் விழும். செருப்பின் முன்முனை மட்டும் தேயும்.

தொழுநோய்க்கும் இந்த இடத்துக்கும் உள்ள உறவை உடற்கூறியலே சொல்லிவிடுகிறது. 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த அந்தக் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் உள்ளே இருப்பவற்றைவிடக் குளிர்ந்தவை. ஆகவே முழங்கை நரம்பையும் ஃபிபுலாக் கழுத்து நரம்பையும் அது தேடிப் பிடிக்கிறது. உள்குமிழுக்குப் பின்னால் போகும் நரம்பைப் பிடித்தால் உள்ளங்கால் உணர்ச்சியற்றுப் போகும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து போவார்கள்.

எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இருந்தான். எந்த வகுப்பு, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். இப்போது அவன் வேலைக்குப் போகிறான். நடந்தால் ஒரு கால் மட்டும் சத்தம் போடும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். விளையாட்டு வேளையில் வயிற்றுவலி என்று ஒதுங்கி உட்கார்ந்துகொள்வான். இந்தப் பாடம் நடத்திய அன்று எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போய், முதலில் நுனிக்காலில் பத்து அடி, பிறகு குதிகாலில் பத்து அடி நடக்கச் சொன்னேன். நுனிக்காலில் நன்றாக நடந்தான். குதிகாலில் வலது பாதம் எழவே இல்லை. அவன் சிரித்துக்கொண்டே "செருப்பு சரியில்லை டீச்சர்" என்றான். அவன் காலில் அப்போது செருப்பே இல்லை.

மற்றவர்கள் எதிரில் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவன் அம்மாவை வரச் சொன்னேன். "நாலு மாசமா இப்படித்தான் டீச்சர். கபடியில் விழுந்தான், சுளுக்கு என்று வழித்துவிட்டோம்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னோம். தலைமையாசிரியரே கூடப் போனார். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, நரம்பு தடித்திருக்கிறது என்றாராம். கணைக்காலில் வெளிர்நிறத் தேமல் ஒன்று இருந்தது. பஞ்சால் தொட்டால் அங்கே தெரியவில்லை. தொழுநோய்தான்.

அரசு மருத்துவமனைகளில் இதற்கான கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட வேண்டும். சாப்பிடத் தொடங்கியதுமே மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பு வேகமாகப் போய்விடுகிறது. பையன் பள்ளிக்கு வந்துகொண்டே இருக்கலாம், பக்கத்தில் யாரும் உட்காரலாம். ஆனால் கிருமி சாவது வேறு, நரம்பு மீள்வது வேறு. நரம்பு பழுதுபட்டு ஆறு மாதத்துக்குள் இருந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து மீட்க முயல்கிறார்கள். அதற்கு மேல் போனால் மீள்வது கடினம். அந்தப் பையன் நான்கு மாதத்தில் போனான். பாதம் இப்போது எழுகிறது. பெருவிரல் எழவில்லை.

எழாமலே போய்விட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதையும் நம் ஊர் மண்ணோடு சேர்த்துச் சொல்லலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940-களின் பிற்பகுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களுக்கு வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து வேலை செய்யாத இடத்தில் இணைத்துச் சரிசெய்யத் தொடங்கினார். காலுக்கும் அதே முறைதான். கெண்டைக்காலின் ஆழத்தில் பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசை ஒன்று இருக்கிறது. அதற்கு ஆணை வேறொரு நரம்பிலிருந்து வருவதால் அது பிழைத்திருக்கும். அதன் நாணை அறுத்து, முன்பக்கம் கொண்டுவந்து, புறங்காலில் தைத்துவிடுகிறார்கள். பாதி வேலை அதற்குப் பிறகுதான். இத்தனை நாள் பாதத்தை உள்ளே திருப்பிக்கொண்டிருந்த தசைக்குப் பாதத்தைத் தூக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நோயாளி 'உள்ளே திருப்பு' என்று நினைப்பார், பாதம் மேலே எழும்பும். வாரக்கணக்கில் பழகப் பழக 'தூக்கு' என்று நினைத்தாலே எழும்பும். இதைக் கேட்டபோது ஆசிரியராக எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரு தசையைக்கூட மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடிகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் வயதுக்கு மீறிப் பருத்திருக்கும் சின்னப் பையன்களைப் பார்த்தால் "பயில்வான் கால்" என்று கொஞ்சுவோம். அந்தப் பையன் அடிக்கடி விழுகிறான், மாடிப்படி ஏறத் திணறுகிறான், தரையிலிருந்து எழும்போது கைகளைத் தன் தொடையிலேயே ஊன்றி ஊன்றி ஏறுகிறான் என்றால் அந்தப் பருமன் பலம் அல்ல. தசை நலிந்து அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைகிற பரம்பரை நோயாக இருக்கலாம். அவனை ஓட வைத்துப் பழக்க நினைக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இங்கே எல்லை ஒன்று இருக்கிறது. நோயின் பெயரைச் சொல்வது நம் வேலை இல்லை. குறிப்பாக, பிள்ளையிடமோ பெற்றோரிடமோ "தொழுநோய் மாதிரி இருக்கிறது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பாதம் தொங்குவதற்கு அடிபட்டதும் காரணமாக இருக்கலாம், இடுப்பில் தவறான இடத்தில் போட்ட ஊசியும் காரணமாக இருக்கலாம். பள்ளிக்கு வரும் நலப் பரிசோதனைக் குழுவிடம் நாம் சொல்ல வேண்டியது நாம் பார்த்ததை மட்டுமே: "வலது பாதம் தூக்க முடியவில்லை. எத்தனை நாளாக என்று வீட்டில் கேட்டதில் இவ்வளவு நாள் என்கிறார்கள்." அந்தக் குழு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறது. பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள், நடந்து காட்ட மாட்டார்கள். ஆண்டு முழுவதும் அவர்கள் நடப்பதைப் பார்ப்பது நாம்தான். விலையில்லா காலணி கொடுத்துச் சில மாதம் கழித்துத் தேய்ந்த காலணிகளை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஒரேபோல் தேய்ந்திருக்கிறதா என்று.

பாம்புக்கடியைப் பற்றி ஒரு சகோதரர் தேநீர் இடைவேளையில் கேட்டார். பாம்பு பெரும்பாலும் கடிப்பது பாதத்திலும் கணைக்காலிலும்தான் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். கணைக்காலின் தசைகள் விரிந்து கொடுக்காத உறைகளுக்குள் கட்டுக் கட்டாக அடைக்கப்பட்டிருக்கின்றன. கடிபட்ட கால் வீங்கும்போது கயிற்றால் இறுக்கிக் கட்டினால், கட்டுக்குக் கீழே இரத்தம் இல்லாமல் தசையும் நரம்பும் சாகும். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். எலும்பு முறிந்த காலைப்போல் அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கொலுசையும் மிஞ்சியையும் முதலில் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

இனி செய்முறை. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு வாளியில் கோழிக்கால்கள் கழுவி வைத்திருக்கின்றன. கறிக்கடையில் கேட்டால் மிகக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். தொட விருப்பமில்லாதவர்களுக்கு அட்டை, உறிஞ்சுகுழல், சணல் நூல் மேசைமேல் இருக்கிறது. அதிலும் இதே வேலையைச் செய்யலாம். கோழிக்காலில் செதிள் மூடிய அந்த நீண்ட பகுதியைக் கோழியின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அது கோழியின் பாதம். மேலே பின்பக்கம் வளையும் மூட்டு அதன் கணுக்கால். கோழி எப்போதும் விரல்களில்தான் நடக்கிறது. வெட்டிய முனையில் வெள்ளை நூல்கள் தெரியும். இடுக்கியால் பின்பக்க நூலைப் பிடித்து இழுத்தால் விரல்கள் மடங்கும், முன்பக்க நூலை இழுத்தால் விரியும். எந்த நூல் எந்த விரலுக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கையுறை ஒரு பெட்டி இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் குழாயடியில். மதிய உணவுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. செருப்பைப் போடுவதற்கு முன்னால், எல்லோரும் ஒரு முறை குதிகாலில் அந்தக் கதவு வரை நடந்து போங்கள்.